மச்சான் பிடித்த கயிறு

திருக்கடலூர்க் கரையில் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் சுலோஜனா தன் அண்ணனைக் கண்டாள். யோகலிங்கம் வீதியோரம் ஓட்டோவை நிறுத்திவிட்டு, வலது தோளைச் சரித்தபடி, மணலில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவள் கணவன் பிரகலாதனும் அவனும் முகம் பார்த்துக் கதைத்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வள்ளத்தின் மறுபக்கம் நின்ற பிரகலாதன் தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தான்.

"கயிறு ஆர் பிடிக்கிறது?" என்று யோகலிங்கம் தங்கையிடம் கேட்டான்.

"தவராசா அண்ணை."

தவராசாதான் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். இஞ்சினடியில் குந்தியிருந்தவர், தன் பேர் கேட்டு நிமிர்ந்தார்.

"உன்ர கதையிலை மச்சான்காரன்தானே பிடிக்கிறான்? பொஞ்சாதியின்ர தமையன்." யோகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டினான். "நான் பிடிக்கிறன்."

அண்ணா வாசித்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிய மனிதர், அவள் இணையத்தில் எழுதும் கதையைத் தேடி வாசிப்பாரென்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் சுலோஜனா வாரமொரு அத்தியாயமாக ஒரு மாயக்கதை எழுதி வந்தாள். நீலத்துறை என்று அவளே கற்பித்த ஒரு பழங்காலத் துறைமுகப் பட்டினம். அதற்கொரு அரசி, மூன்று மந்திரவாதிகள், கடலுக்கடியில் உறங்கும் ஒரு பாம்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிண்ணியாவிலிருந்து ரிஸ்னா என்றொரு வாசகி வந்து ஒரு கேள்வி கேட்கும் வரைக்கும். "உங்கட நீலத்துறையில ராசாமாரும் மந்திரவாதியும் மட்டும்தான் இருக்கிறாங்களா? சோறாக்கிறது ஆரு? கப்பலுக்குக் கயிறு திரிக்கிறது ஆரு?"

அன்றிலிருந்து சுலோஜனா பதிலைத் தேடத் தொடங்கினாள். நூலகத்தில் கிடைத்ததையும் இணையத்தில் அகப்பட்டதையும் வாசித்தாள். உப்பு விளைவித்தவர்கள், துணிக்குச் சாயம் தோய்த்தவர்கள், சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தவர்கள், நங்கூரம் அடித்த கொல்லர்கள், பாய் தைத்தவர்கள். முத்துக்குளிப்பு நடக்கையில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வதற்கென்றே கடல்கட்டி என்று ஒருவன் இருந்தான் என்று அறிந்தபோது துள்ளிக் குதிக்காத குறை. மந்திரவாதியின் ஒரு சொல்லுக்குக் கப்பல் எழும்பியதென்று முன்பு எழுதியவள், இப்போது அந்தக் கப்பலின் பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தவனுக்கும் ஒரு பெயர் வைத்தாள். கதைக்குக் கால் முளைத்து நிலத்தில் நிற்பது போல இருந்தது.

அப்படித்தான் முத்துக்குளிப்போரிடம் வந்து சேர்ந்தாள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். இடுப்பில் ஒரு கயிறு. மேலே வள்ளத்தில் ஒருவன் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழேயிருந்து இழுப்பு வந்ததும் தூக்கிவிடுவான். குளிப்பவனின் உயிர் அவன் கையில். அதனால் அந்தக் கயிற்றை மனைவியின் சகோதரனிடந்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலியறுக்க எந்தத் தமையன் விடுவான் என்ற நம்பிக்கை.

விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. அதுவே அத்தியாயமாகிவிட்டது. பகை எங்கேயிருந்து வருவதென்று அவள் அலையத் தேவையிருக்கவில்லை. அது வீட்டிலேயே இருந்தது.

பிரகலாதனும் யோகலிங்கமும் சின்ன வயதிலிருந்து சேர்த்தி. முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கு குளிக்கப் போவார்கள். ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே நிற்பான். ஒருநாள் யோகலிங்கம் ஆழத்தில் இருக்கையில் மேலே வரும் குமிழிகள் நின்றுபோயின. காற்று முடிந்துவிட்டதென்று பிரகலாதன் அவனுடைய இடுப்புக் கயிற்றை ஒரே மூச்சில் இழுத்தான். அவ்வளவு ஆழத்திலிருந்து அவ்வளவு வேகத்தில் வரக்கூடாது. இரத்தத்துக்குள் காற்று குமிழிகளாகிவிடும். யோகலிங்கத்தை அழுத்த அறைக்குள் வைத்துப் பலநாள் வைத்தியம் பார்த்தார்கள். உயிர் தப்பியது. கால் இழுத்துக்கொண்டது, தோள் சரிந்தது, கடல் முடிந்தது. நானில்லாவிட்டால் அவன் செத்திருப்பான் என்றான் பிரகலாதன். காற்று இருந்தது, நின்று நின்று வரத்தான் பார்த்தேன், அவன் பயந்து இழுத்துவிட்டான் என்றான் யோகலிங்கம். அதற்குப் பிறகு யோகலிங்கம் ஓட்டோ வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கினான். தங்கை வீட்டு வாசல் மிதிப்பதை விட்டான்.

சுலோஜனா எழுதிய கயிற்றுக்காரன் வலது தோளைச் சரித்து நடப்பவன். எழுதும்போது கை தானாக அப்படி எழுதிவிட்டதென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அத்தியாயத்தின் கடைசி வரியில் கயிறு துடிக்கிறது. அவன் ஒவ்வொரு விரலாகத் தளர்த்துகிறான். அங்கே நிறுத்திவிட்டாள். என்ன நடந்ததென்று கேட்டு வாசகர்கள் துளைத்தெடுத்தார்கள். ரிஸ்னா மட்டும் வேறு கேட்டாள்: "கயிறு பிடிக்கிறவனுக்குக் கையில என்ன தெரியும்? அத நீங்க எழுதவே இல்லையே."

அது அவளுக்கும் தெரியவில்லை. பிரகலாதனிடம் கேட்டாள். "கதைச்சு என்ன, ஒருக்காச் செய்து பாப்பம்," என்றான் அவன். அவனுக்குத் தன் மூச்சில் எப்போதும் ஒரு பெருமை. அப்படித்தான் இந்தக் காலையும், இந்த வள்ளமும், வள்ளத்துக்குள் தேங்காய்த் தும்புக்கயிற்றுச் சுருளும், கயிறு சுற்றிய கருங்கல்லும்.

இப்போது அண்ணா கயிற்றைக் கேட்கிறார்.

"வேண்டாமண்ணா," என்றாள் சுலோஜனா. "நீங்கள் ஏன் கஷ்டப்படுவான்? தவராசா அண்ணை பிடிப்பார்."

"ஏன், நான் பிடிச்சா விட்டிடுவன் எண்டு பயமோ?"

பிரகலாதன் இன்னும் கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "பிடிக்கட்டும்."

அதுதான் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் மச்சானைப் பற்றி மச்சானின் காதுபடச் சொன்ன முதல் சொல்.

வள்ளம் குடாவைத் தாண்டி, கரையோரப் பாறைத்திட்டு ஒன்றின் பக்கமாகப் போய் நின்றது. கடல் சலனமில்லாமல் கிடந்தது. தூரத்தில் கோணேசர் மலை வெயிலில் பளிச்சென்றிருந்தது. கீழே ஐந்து பாகம், அதாவது முப்பதடி ஆழங்கூட இல்லையென்று தவராசா சொன்னார். பிரகலாதனுக்கு அது விளையாட்டு. அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கல்லில் கட்டிய இன்னொரு கயிற்றின் வளையத்துக்குள் காலை வைத்தான்.

"அடியிலை போனதும் காலைக் கழட்டுவன். தவராசா அண்ணை கல்லைத் தூக்கட்டும். பிறகு நான் கயிறை இழுப்பன். இழுத்ததும் தூக்கவேணும்." அவன் இதைச் சொன்னது சுலோஜனாவிடம். கயிறு இருந்தது யோகலிங்கத்திடம்.

"விளங்கிச்சு எண்டு சொல்லு," என்றான் யோகலிங்கம், அதே தங்கையிடம்.

பிரகலாதன் மூச்சை இழுத்து அடக்கி இறங்கினான். கல் அவனைக் கொண்டு போனது. தும்புக்கயிறு யோகலிங்கத்தின் கைகளுக்குள்ளால் சரசரவென்று ஓடி, பிறகு நின்றது. தவராசா கல்லை மேலே இழுத்து வைத்தார். சுலோஜனா அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ கயிறு தண்ணீருக்குள் நுழையும் இடத்தில் கண்ணை நட்டு வைத்தவன் இமைகூட வெட்டவில்லை. எதையோ குறிபார்ப்பவன் போல. அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது? கதையில் அவள் எழுதிய முகம் இதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது.

கயிறு அசைந்தது. யோகலிங்கம் உடனே இழுக்கத் தொடங்கினான். பிரகலாதன் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கையில் அடிமணல் ஒரு பிடி.

சுலோஜனா அப்போதுதான் மூச்சு விட்டாள். வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்க, வந்த வேலையைக் கேட்டாள்: "அண்ணா, கயிறு கையிலை எப்பிடி இருக்கு? ஆள் கீழை இருக்கிறது தெரியுதோ?"

"கயிறு கயிறு மாதிரித்தான் இருக்கு," என்றான் யோகலிங்கம். கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டான்.

"இன்னொருக்காப் போறன்," என்றான் பிரகலாதன். "இந்த முறை அடி தொட முந்தியே கால் கழண்டு போச்சு, மிச்சம் நீந்தித்தான் போனனான். வளையம் பெரிசு." கயிற்று வளையத்தைக் கணுக்காலில் வைத்து இறுக்கினான்.

"போதும், காணும். எனக்கு விளங்கிட்டுது."

"உன்ர கதைக்காரன் ஒரு தரம்தான் இறங்குவானோ?"

அவன் போய்விட்டான்.

சுலோஜனா இம்முறை சும்மா இருக்கவில்லை. வள்ளத்தின் விளிம்பில் கயிறு தொட்டுப் போகும் இடத்தில் தன் உள்ளங்கையை விரித்து அதன் கீழே வைத்தாள். ரிஸ்னாவின் கேள்விக்கு அண்ணா பதில் சொல்லமாட்டார். தானே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். ஈரத்தும்பு கையில் குத்தியது. கயிறு ஓடி நின்றது. தவராசா கல்லின் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். கால் கழன்ற அடையாளம் எதுவும் அதில் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து உல்லாசப் பயணிகளை ஏற்றிய ஒரு வேகப்படகு நிலாவெளிப் பக்கமாகச் சீறிப் போனது. அதன் அலை வந்து மோத, வள்ளம் தொட்டில் போல ஆடியது. கயிறும் மேலும் கீழும் ஆடியது. யோகலிங்கத்தின் கண்கள் அலைந்தன. தண்ணீரில் வெயில் உடைந்து சிதறியது.

சுலோஜனாவின் உள்ளங்கைக்கு மேல் கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

அண்ணன் அசையவில்லை. மறுபடி இழுபட்டது. பிறகு விடாமல், வெட்டி வெட்டி. ஓர் ஆள் முழுப்பலத்தோடு இழுக்கும் இழுப்பு.

"அண்ணா! இழுக்கிறார்! தூக்குங்கோ!"

"இல்லை," என்றான் யோகலிங்கம். "இன்னும் இழுக்கேல்லை அவன்."

அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. கயிறு அவன் கைக்குள்ளேயே துடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். அவன் இல்லையென்கிறான்.

"பொய் சொல்லாதைங்கோ! விடுங்கோ கயிறை! தவராசா அண்ணை!"

அவள் அண்ணனின் மேல் பாய்ந்து கயிற்றைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. அவள் எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு பாரம். தவராசா கல்லின் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "கல்லு கழரேல்லை! அவன்ர காலிலைதான் கிடக்கு!"

அப்போதுதான் யோகலிங்கத்தின் முகம் மாறியது. அவன் ஒரு சத்தம் போட்டான்; சொல்லாக இல்லாத ஒரு சத்தம். வள்ளத்தின் பக்கவாட்டில் காலை முட்டுக்கொடுத்து, கயிற்றைக் கைகளில் சுற்றிச் சுற்றிக்கொண்டு இழுத்தான். தவராசா மற்றக் கயிற்றை இழுத்தார். சுலோஜனா அண்ணனுக்குப் பின்னாலிருந்து இழுத்தாள். ஐந்து பாகம் இவ்வளவு நீளமா? தண்ணீருக்குள் முதலில் ஒரு வெளுத்த தோள் தெரிந்தது. பிறகு தலைமயிர். தலை நிமிரவில்லை.

வள்ளத்துக்குள் கிடத்தியபோது பிரகலாதனின் உதடு நீலம். மூச்சில்லை. கல் இன்னும் கணுக்காலில் தொங்கியது; தண்ணீரில் ஊறிய தும்பு சதைக்குள் புதைந்து கிடந்தது. தவராசா கத்தியால் அதை அறுத்தார். யோகலிங்கம் மச்சானின் தலையைச் சரித்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினான். ஊதினான், பார்த்தான், மறுபடி ஊதினான். சுலோஜனா கணவனின் காலைப் பிடித்துக்கொண்டு எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுகிறோமென்று தெரியாமல் எல்லாரையும் கூப்பிட்டாள்.

பிரகலாதனின் நெஞ்சு ஒருதரம் குலுங்கியது. வாயால் தண்ணீர் வந்தது. இருமினான். அந்த இருமலைப்போல ஒரு சத்தத்தை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

தவராசா இஞ்சினை முடுக்கினார். வள்ளம் கரையை நோக்கிப் பறந்தது. கணவனின் தலையை மடியில் வைத்திருந்த சுலோஜனாவுக்கு, பயம் இறங்க இறங்க, அந்த இடத்தில் வேறொன்று ஏறியது.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?" என்றாள் அண்ணனைப் பார்த்து. "அவர் துடிக்கத் துடிக்கப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். என்ர கண்ணாலை பார்த்தனான்."

யோகலிங்கம் வள்ளத்தின் முன்பக்கம் குந்தியிருந்தான்.

"தம்பி," என்றார் தவராசா இஞ்சின் இரைச்சலுக்கு மேலாக. "கையைப் பாரடா."

யோகலிங்கம் குனிந்து பார்த்தான். தும்புக்கயிறு இரண்டு உள்ளங்கையையும் அரிந்திருந்தது. தோல் உரிந்து மடிந்து, இரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கை வரைக்கும் ஓடி, சாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவனின் கையைப் பார்ப்பது போல அவன் அதைப் பார்த்தான். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. பிறகு, யாரும் பார்த்துவிடக்கூடாதென்பது போல, கைகளைச் சாரத்துக்குள் சுருட்டினான்.

சுலோஜனா பார்த்துவிட்டாள்.

ஓட்டோவைத் தவராசாதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பிரகலாதனை வார்டில் கிடத்தி ஒட்சிசன் கொடுத்தார்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, ஓரிரு நாள் வைத்துப் பார்க்கவேண்டும், ஆனால் ஆள் தப்பிவிட்டார் என்றார் டொக்டர். தவராசா ஓட்டோவின் திறப்பை யோகலிங்கத்திடம் கொடுத்துவிட்டு வள்ளத்தைப் பார்க்கப் போனார்.

காயம் தைக்கும் அறைக்கு அண்ணனோடு சுலோஜனாவே போனாள். தாதி காயத்தைக் கழுவினாள். விறைப்பூசியை எடுத்து, "கொஞ்சம் நோகும், பல்லைக் கடிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். ஊசி உள்ளங்கையில் இறங்கியது. யோகலிங்கம் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாதி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊசி முனையால் அவன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது தெரியுதா? இது?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"கடலிலை அடிபட்ட அண்டையிலையிருந்து," என்றான் கலண்டருக்கு. "முதல் நுனிதான். பிறகு மணிக்கட்டு வரைக்கும் விறைச்சுப் போட்டுது."

சுலோஜனா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். முதல்தரம் அண்ணன் கயிற்றையே வெறித்துப் பார்த்தது ஏனென்று இப்போது விளங்கியது. கை சொல்லாததைக் கண்ணால் பிடிக்கப் பார்த்திருக்கிறான். அலை வந்ததும் கண்ணும் ஏமாந்துவிட்டது.

"பிறகேன் கயிறைப் பிடிக்கிறன் எண்டனீங்கள்?" அவள் குரல் உடைந்தது.

"நீ எழுதின மாதிரி நான் இல்லை எண்டு உனக்குக் காட்டவேணும் எண்டு நினைச்சன்." அவன் முதல்தரமாக அவளைப் பார்த்தான். "என்ர நடையை எழுதியிருந்தாய், சுலோ. ஊர் முழுக்க வாசிக்குதாம். பள்ளிக்கூடத்து வாசலிலை ஒரு ஆள் கேக்குது, கதையிலை வாறது நீயோ எண்டு."

"தெரிஞ்சுதான் எழுதினனான்," என்றாள். "கை தானா எழுதினது எண்டு என்னை நானே ஏமாத்தினனான்."

வார்டுக்குத் திரும்பியபோது பிரகலாதன் விழித்திருந்தான். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு மச்சானின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தான். அந்தக் கைகளுக்கு உணர்வில்லையென்று சுலோஜனா சொன்னாள். மூன்று வசனத்தில் சொல்லி முடித்தாள். பிரகலாதனின் கண்கள் கட்டிலின் காலடிக்குப் போய் அங்கேயே நின்றன.

"கீழை இருந்து உன்னை வைஞ்சுகொண்டுதான் இருந்தனான்," என்றான் இருமலுக்கிடையில். "வாயிலை வராத தூசணமெல்லாம்."

யோகலிங்கம் கட்டுப்போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பிரகலாதன் சட்டென்று தலையைத் தூக்கினான். "பொறு. இந்தக் கையோடையோ நீ பிள்ளையளை ஏத்திக்கொண்டு ஓடுறாய்?"

சுலோஜனாவுக்கு அது வரைக்கும் அந்த நினைப்பே வரவில்லை. துறைமுக வீதியின் பாரவண்டிகளும், அதிலுள்ள வளைவும், ஓட்டோவுக்குள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இருக்கும் வெள்ளைச் சீருடைகளும் அவள் கண்ணுக்குள் வந்தன.

"ரெண்டு வருஷமா ஓடுறன். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

"பிறேக் பிடிக்கிறது தெரியுமோ உனக்கு?"

"பிறேக் காலிலை, மடையா."

"கிளச்?"

யோகலிங்கம் திரும்பி நடந்தான். பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கியிருந்தது. பிரகலாதன் எழும்பப் பார்த்தான், முடியவில்லை. "சுலோ, மறி அவனை. ஓட விடாதை."

அவள் ஓடினாள். நோயாளிகளையும் பார்க்க வந்தவர்களையும் விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அண்ணன் ஓட்டோவுக்குள் ஏறியிருந்தான். கட்டுப்போட்ட கையால் திறப்பைத் துவாரத்துக்குள் விட முயன்றுகொண்டிருந்தான். அது வழுகியது. குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், கண்ணால் பார்த்து விட்டான்.

சுலோஜனா ஓட்டோவின் முன்னால் போய் நின்றாள்.

"விலகு."

"மாட்டன்."

"பிள்ளையள் வெயிலுக்கை நிக்குங்கள். விலகு, சுலோ."

"நிக்கட்டும். வெயிலிலை நிண்டாச் சாகாதுகள்."

"முதல் கதையிலை என்னைக் கொலைகாரன் ஆக்கினாய்," என்றான் யோகலிங்கம். குரல் மெல்லியதாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும். "இப்ப ஒண்டுக்கும் உதவாதவன் ஆக்கப்போறியோ? கடலும் போட்டுது. இதுவும் போனா நான் காலமை எழும்பி எங்கை போறது?"

இஞ்சின் பற்றிக்கொண்டது. ஓட்டோ நடுங்கியது. அவளுடைய முழங்காலுக்கும் முன்சில்லுக்கும் இடையில் ஒரு சாண் இடந்தான். அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் நகர்ந்துவிடுவோமென்று பயந்தாள்.

"எனக்குத் தெரியாதண்ணா எங்கை போறதெண்டு. ஆனா இண்டைக்கு உங்கட கைக்குள்ளை கயிறு துடிச்சது. உங்களுக்குத் தெரியேல்லை. நான் கையை வைக்காட்டி அவர் இப்ப இல்லை. பிள்ளையளுக்கு ஆர் கை வைச்சுப் பாக்கிறது?"

அவன் ஹாண்டிலைப் பிடித்தபடியே இருந்தான். பின்னால் ஒரு வான்காரன் ஹோன் அடித்தான். பிறகு இன்னொருவன். யோகலிங்கத்தின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

இஞ்சின் நின்றது.

"போனை எடுத்து முனீபுக்கு அடி," என்றான். முனீப் அவனுடைய தரிப்பிடத்தில் ஓட்டோ ஓட்டுபவன். "என்னாலை அமத்த ஏலாது, கட்டுப்போட்டிருக்கு."

அவள் அழைத்து, போனை அவன் காதில் வைத்தாள். "முனீப், எனக்குக் கை வெட்டிப் போட்டுது. பிள்ளையளை இண்டைக்கு நீ இறக்கிவிடு. ஓம். ஓம், சின்னக் காயம்தான்." கேட்டுவிட்டு, "இண்டைக்கு மட்டும்," என்று சேர்த்தான். சுலோஜனா அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

அன்று மாலை வார்டுக்கு வெளியே மரவாங்கில் குந்தியபடி சுலோஜனா இணையத்திலிருந்து அந்த அத்தியாயத்தை நீக்கினாள். ரிஸ்னா உடனேயே கேட்டிருந்தாள், ஏன் என்று. கயிறு பிடிப்பவனைப் பற்றித் தான் எழுதியது பிழையென்றும், பிறகு சரியாக எழுதுவதாகவும் பதில் போட்டாள்.

நரம்புக்குப் பார்க்கும் கிளினிக்கில் யோகலிங்கத்தை இரண்டு தடவை பார்த்தார்கள். உணர்வு கொஞ்சம் திரும்பலாம், முழுதாக வராது, ஓட்டோ ஓட்டக்கூடாது என்றார்கள். அவன் அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்தான். தையல் பிரித்த கிழமை, நெஞ்சில் இன்னும் இரைப்போடு பிரகலாதன் அவன் வீட்டுக்குப் போனான். சுலோஜனாவும் போனாள், சண்டை வந்தால் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டுமே.

பிரகலாதன் உட்காரவில்லை. "திறப்பைத் தா," என்றான். "நான் ஓடுறன். டொக்டர் என்னையும் கொஞ்ச நாளுக்குக் கடலுக்கு இறங்க வேண்டாமெண்டவர்."

"உனக்கு எந்தப் பிள்ளை எந்த வீடெண்டு தெரியுமோ?"

"தெரியாது. நீ பக்கத்திலை இருந்து சொல்லு."

யோகலிங்கம் கதிரையில் இருந்தபடியே நிலத்தைப் பார்த்தான். குசினிக்குள் கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"காத்து முடிஞ்சுதான் இருந்தது," என்றான் திடீரென்று.

"என்ன?"

"அண்டைக்கு. சிலிண்டரிலை. காத்து இருந்தது எண்டு சொன்னன் எல்லோ. இருக்கேல்லை."

பிரகலாதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு வருடமாக அவன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான் என்று சுலோஜனாவுக்குத் தெரியும். இப்போது அது கிடைத்திருக்கிறது. அவன் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. "எண்டாலும் நான் நிப்பாட்டி நிப்பாட்டி இழுத்திருக்கலாம்," என்றான்.

"அதுக்கு நேரம் இருக்கேல்லை."

"கொஞ்சம் இருந்தது."

இருவரும் அதற்கு மேல் போகவில்லை. யோகலிங்கம் எழும்பி, அலுமாரியைத் திறந்து, திறப்பைக் கண்ணால் பார்த்துத் தேடி எடுத்தான். மறுநாள் காலை ஆறரைக்கு ஒரே முன்சீற்றில் இரண்டு ஆம்பிளைகளும் இடித்து நெருக்கிக்கொண்டு ஓட்டோ வீதிக்கு ஏறியது. ஒழுங்கை முனையிலேயே யோகலிங்கத்தின் சத்தம் கேட்டது: "இடதெண்டு சொன்னா இடது பக்கம் திருப்படா!"